சைனா சிம்பல்: கேட்டு வாங்குவது முதல் மேடையில் அடிப்பது வரை, நெல்லைச் சீமை டிரம்மர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிரம் செட்டில் ஹைஹாட், க்ராஷ், ரைடு என்ற மூன்று சிம்பல்களும் (உலோகத் தட்டுகள்) சேர்ந்த பிறகு நான்காவதாக எதை வாங்கலாம் என்று எல்லா டிரம்மருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும். பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கும் தம்பியும் கேட்கிறார், கோயில் கொடை விழாவில் இன்னிசைக் குழுவோடு விடிய விடிய வாசிப்பவரும் கேட்கிறார். ஆக்டபேடில் (மின்னணுத் தாள வாத்தியம்) 'சைனா' என்ற சத்தத்தைத் தட்டிப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் நிஜ சைனா சிம்பலை வாங்குகிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் கொஞ்ச நாளில் அதைக் கழற்றி உறையில் போட்டுவிடுகிறார்கள். தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, பாடுகிறவர் முறைக்கிறார், பாட்டையே மூடிவிடுகிறது என்று காரணம் சொல்வார்கள்.

பெரும்பாலும் சிம்பல் மேல் குற்றம் இருக்காது. இடத்துக்குப் பொருந்தாத அளவை வாங்கியிருப்பார்கள், தப்பாக மாட்டியிருப்பார்கள், இல்லையென்றால் தேவைக்கு மேல் அடித்திருப்பார்கள். கடையில் சைனாவை அடித்துப் பார்க்கும்போது எல்லோரும் அது எப்படி வெடிக்கிறது என்றே கவனிக்கிறோம். அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கவனித்து வாங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

உருவத்தைப் பார்த்தாலே சத்தம் புரியும்

சாதாரண க்ராஷ் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே போக்கில் சரிந்து இறங்கும். சைனாவும் அப்படித்தான் இறங்கும், ஆனால் ஓரத்துக்குச் சற்று முன்பாக எதிர்ப்பக்கம் மடிந்து மேலே எழும்பும். நடுவில் புடைத்திருக்கும் பெல்லும் பல சைனாக்களில் உருண்டையாக இருக்காது. உச்சி தட்டையாக, பக்கங்கள் செங்குத்தாக, கிட்டத்தட்ட உருளை வடிவில் இருக்கும்.

அந்த ஓர மடிப்புதான் சைனாவின் உயிர். மடித்த இடத்தில் உலோகம் விறைப்பாகிறது. க்ராஷில் அதிர்வு ஓரம் வரை தடையில்லாமல் ஓடித் திரும்பும். சைனாவில் அது மடிப்பில் மோதிக் கலைகிறது. ஒன்றோடொன்று ஒட்டாத பல அதிர்வுகள் ஒரே நேரத்தில் கிளம்புவதால் சுருதி என்று எதுவும் பிடிபடாது. எந்தச் சிம்பலையும் ஓங்கி அடித்தால் முதலில் கீழ் அதிர்வுகள் எழும்பும். சில பத்து மில்லி விநாடிகளுக்குள் அந்தச் சக்தி மேல் அதிர்வுகளுக்குப் பாயும். க்ராஷில் இது மலர்ந்து விரிவதாகக் கேட்கும். சைனாவில் 'சடார்' என்று ஒரே வெடிப்பாகக் கேட்கும், அப்புறம் சட்டென்று வற்றிவிடும். டிரம்மர்கள் இதை 'ட்ராஷி' என்பார்கள். சொரசொரப்பு, கரகரப்பு, கொஞ்சம் மூர்க்கம், எல்லாம் சேர்ந்த குணம் அது.

இதன் பூர்வீகம் சீன நாடகக் கூத்துகளில் வாசிக்கும் ஜோடித் தாளங்கள். பெரிய பெல்லைத் துணியோடு பிடித்துக்கொண்டு இரண்டையும் மோதுவார்கள். ஹூபே மாகாணத்தின் வூஹான் நகரம் காங், சிம்பல் இரண்டுக்கும் பேர்போன ஊர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டிரம்மர்கள் சீனக் குடியேறிகளிடமிருந்து டாம் டிரம்களையும் சிம்பல்களையும் வாங்கித் தங்கள் செட்டில் சேர்த்தார்கள். நாம் பழகிய க்ராஷும் ரைடும் வேறு வழியில் வந்தவை. 1623-இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய சில்ஜியன் குடும்பத்தின் துருக்கிய மரபு அது. இன்று சில்ஜியன், சேபியன், பைஸ்டே, மைனல் எல்லோருமே சைனா செய்கிறார்கள். ராக் இசையில் டிரம்மர் நீல் பியர்ட் வூஹான் சைனாவை வெடிப்புக்கு வைத்திருந்தார். ஜாஸில் மெல் லூயிஸ் அதே குடும்பத்துச் சிம்பலை ரைடு போலத் தொடர்ந்து தாளம் ஓட்டி, பெரிய பித்தளை வாத்தியக் குழுவுக்கே அடித்தளமாக வைத்தார். ஒரே சிம்பல் இரண்டு நேரெதிர் வேலைகளைச் செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த இடத்துக்கு என்று முடிவு செய்யுங்கள்

அளவை முடிவு செய்வது இடம். 12, 14 அங்குல சைனா கூர்மையாக வெட்டும், அடித்த கணமே அடங்கும். 16 அங்குலம் பளிச்சென்று இருக்கும், அதுவும் விரைவாகவே வற்றும். 18 அங்குலம் பொதுவான அளவு. வெடிப்பும் உண்டு, அடியில் கொஞ்சம் கனமும் உண்டு. 20 அங்குலத்துக்குப் போனால் உறுமல் வரும், அடங்க நேரமாகும். 22 அங்குலம் ரைடு போல ஓட்டுகிறவர்களுக்கு. சில்ஜியன் வகையில் 'ஸ்விஷ்' என்று ஒன்று உண்டு: மடிப்பு மென்மையாக இருக்கும், ரிவெட்டுகள் பூட்டியிருந்தால் 'ஸ்ஸ்' என்ற இழுப்பும் சேரும். ஜாஸ் வாசிக்காதவர்களுக்கு அது அவசியமில்லை.

ஆலயத்தில் வாசிக்கிறீர்களா? பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் மாதிரியான பழைய ஆலயங்களில் கூரை உயரம், சுவரும் தரையும் கடினம். மேல் அதிர்வுகள் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும். நீங்கள் அடித்த சைனா முடிந்த பிறகும் கட்டடம் அதை முடிக்காது. மெல்லிய 14 அல்லது 16 அங்குலம் போதும். 20 அங்குலத்தைக் கொண்டுபோனால் பாடகர் குழுவின் அடுத்த வரி காணாமல் போகும்.

கொடை விழா மேடை நேர்மாறு. திறந்த வெளியில் சத்தம் எதிலும் பட்டுத் திரும்பாமல் கரைந்து போகும். அங்கே 18 தாராளமாக எடுபடும். ஆனால் ஒரு சிக்கல்: மைக் செட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால், அது நடு அதிர்வுகளைத்தான் தூக்கிக் கொடுக்கும், கீழ் அதிர்வுகளை விட்டுவிடும். சைனாவின் கரகரப்பு சரியாக அந்த நடுப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. பளீரென்ற சைனா குழாய் வழியாக வந்தால் தெருக்கோடி வரை காது கூசும். அப்படிப்பட்ட மேடைகளுக்கு இருண்ட, தாழ்ந்த சத்தமுள்ள சைனாவாகப் பாருங்கள்.

இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மெல்லிய 16. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாம் படி: உலோகம்

மலிவான செட்டோடு வருவது பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். பித்தளைச் சைனாதான் அந்தத் 'தகரச் சத்தம்' என்ற கெட்ட பேருக்குக் காரணம். அடுத்தது பி8: 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். உருட்டித் தகடாக்கி வெட்டி எடுப்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்கும், சத்தம் பளிச்சென்று நேராக வரும். அதற்கும் மேலே பி20: 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். இது கிட்டத்தட்ட மணி வார்க்கும் வெண்கலம். வெள்ளீயம் கூடக் கூட உலோகம் உடையும் தன்மை கொள்ளும். அதனால் இதைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, நீரில் முக்கி உறுதியாக்குகிறார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழங்காலக் கலங்களிலும் வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தை இதே மாதிரி சூட்டில் அடித்து நீரில் குளிர்வித்திருக்கிறார்கள். இந்த வேலை நம் மண்ணுக்குப் புதியதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சைனாவுக்குப் பி20-தான் சரி. வூஹான் சைனாக்கள் கையால் அடித்த பி20 ஆக இருந்தும் மற்றப் பெரிய பிராண்டுகளை விட விலை குறைவு. கை வேலை என்பதால் ஒரே அளவு, ஒரே பெயர் உள்ள இரண்டு வூஹான்கள் வேறு வேறு குரலில் பேசும். இணையத்தில் ஒலிப்பதிவு கேட்டு வாங்கினால் அந்தப் பதிவில் இருந்த சிம்பல் உங்களுக்கு வராது. போன் ஸ்பீக்கரில் கீழ் அதிர்வுகள் கேட்காது என்பது வேறு. முடிந்தவரை நேரில் போய், கையில் எடுத்த அதே சிம்பலை வாங்குங்கள்.

மூன்றாம் படி: கடையில் கேட்பது எப்படி

உங்கள் குச்சியையும் க்ராஷையும் கையோடு கொண்டுபோங்கள். சைனா தனியாக வாழப்போவதில்லை, உங்கள் க்ராஷ் பக்கத்தில்தான் வாழப்போகிறது.

சைனாவை ஸ்டாண்டில் மாட்டச் சொல்லி முதலில் மெதுவாகத் தட்டுங்கள். மெதுவான அடிக்கே சத்தம் திறக்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் திறக்கிறது என்றால் அது கனமான சிம்பல், ஆலயத்துக்கு ஆகாது. அடுத்து நடுத்தர அடி. அடித்துவிட்டு மனதுக்குள் மிதமான வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். இரண்டுக்குள் முக்கால்வாசி அடங்கியிருக்க வேண்டும். நான்கிலும் இரைந்துகொண்டிருந்தால் அது அடுத்த வரியை மூடும். மூன்றாவதாக ஓங்கி ஒரு அடி: வெடிப்பு மேலே ஏறிக் கிறீச்சிடுகிறதா, அகலமாகப் பரவுகிறதா என்று கேளுங்கள். பரவுவதே நல்லது.

அப்புறம் க்ராஷும் சைனாவும் மாறி மாறி அடியுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் கேட்டால் சைனாவுக்கு வேலையே இல்லை. சைனா க்ராஷை விடத் தெளிவாகத் தாழ்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சின்ன அளவாக இருந்து தெளிவாக உயர்ந்து நிற்க வேண்டும். நடுவில் நிற்கிற சைனாவை வாங்காதீர்கள்.

கடைசியாகக் கூட வந்தவரை அடிக்கச் சொல்லிவிட்டு வாசல் வரை நடந்து போய்க் கேளுங்கள். டிரம்மர் காதுக்குப் பக்கத்தில் கேட்கும் சைனா வேறு, பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் கேட்கும் சைனா வேறு. கிட்டத்தில் அசிங்கமாகக் கேட்ட சிம்பல் தூரத்தில் அருமையாக இருப்பதுண்டு.

பழைய சிம்பல் வாங்குவதாக இருந்தால் மடிப்பு வளைவை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். சைனாவில் விரிசல் அதிகம் வருவது அங்கேதான். ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது இடறினால் சந்தேகப்படுங்கள். நடு ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் போல நீண்டிருந்தால், ஸ்லீவ் (ஸ்டாண்டின் கம்பியில் போடும் பிளாஸ்டிக் உறை) இல்லாத ஸ்டாண்டில் வெகுநாள் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான்காம் படி: மாட்டுவது

இங்கேதான் அதிகம் பேர் சிரமப்படுகிறார்கள். சைனாவை இரண்டு விதமாக மாட்டலாம். பெல் மேலே பார்க்கும்படி மாட்டினால் ஓரம் வானத்தைப் பார்த்து எழும்பி நிற்கும். குச்சி நேராக அந்த மெல்லிய ஓரத்தில் படும். சத்தம் கூர்மையாக வரும், ஆனால் குச்சி அரைபட்டுத் தும்பாகிவிடும், ஓரத்துக்கும் நல்லதில்லை. கவிழ்த்து, பெல் கீழே பார்க்கும்படி மாட்டினால் மடிப்பின் வளைவு மேலே வரும். குச்சி அந்த வழவழப்பான வளைவில் படும். சத்தம் கொஞ்சம் உருண்டு வரும், குச்சியும் பிழைக்கும். வெடிப்புக்காக அடிக்கிறவர்கள் கவிழ்த்து மாட்டுவதே நல்லது.

கவிழ்த்து மாட்டும்போது ஒரு தொல்லை உண்டு. வழக்கமான சிம்பலில் எடை, தாங்கும் புள்ளிக்குக் கீழே தொங்கும். ஆட்டினாலும் தானாக நிலைக்கு வரும். கவிழ்த்தால் எடை தாங்கும் புள்ளிக்கு மேலே போய்விடுகிறது, அதனால் சிம்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கும். இதைத் தடுக்க பலர் விங் நட்டை முறுக்கி இறுக்கிவிடுகிறார்கள். சத்தம் மூச்சு முட்டிச் சாகும், அடியின் அதிர்ச்சி போக இடமில்லாமல் விரிசலும் விழும். இறுக்குவதற்குப் பதில் கீழே தடித்த ஃபெல்ட் (கம்பளி வட்டு) ஒன்று போடுங்கள், பெல்லின் தட்டையான உச்சி அதன் மேல் படிந்து உட்கார வேண்டும். மேலே, உருளை பெல்லுக்குள் அடங்கும்படி இன்னொரு ஃபெல்ட். பிளாஸ்டிக் ஸ்லீவ் கட்டாயம். நட்டை, சிம்பலைக் கையால் தட்டினால் அசையும், ஆனால் கவிழாது என்ற அளவுக்கு மட்டும் திருகுங்கள். உங்களைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் குச்சி சரியான இடத்தில் படும்.

இடம்: வலது கைக்காரர்களுக்கு ஃப்ளோர் டாமுக்கும் ரைடுக்கும் வெளிப்பக்கம், தோளுக்குச் சற்றுக் கீழான உயரம். கையை நீட்டி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வைத்தால் அடி எப்போதும் தாமதமாகத்தான் விழும்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடியில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊர்களில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கவிழ்ந்த சைனா காற்றை நன்றாகப் பிடிக்கும். ஸ்டாண்டின் மூன்று கால்களையும் முழுக்க விரித்து, ஒரு கால் சைனா சாயும் திசையில் இருக்கும்படி வையுங்கள். காலின் மேல் ஒரு மணல் பை போடுங்கள். பக்கவாட்டில் நீளும் கை உள்ள பூம் ஸ்டாண்டாக இருந்தால் அந்தக் கையை நீட்டாமல் உள்ளே இழுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: அடிப்பது

குச்சியின் நுனியால் குத்தாதீர்கள். வெடிப்புக்குக் குச்சியின் தோள் பகுதி (நுனிக்குக் கீழே தடிக்கும் இடம்), மடிப்பு வளைவில், சாய்வாக உரசிப் போகும் அடி. நேராக இறங்கும் அடி சிம்பலையும் உடைக்கும், மணிக்கட்டையும் நோகவைக்கும். அடித்த கை சிம்பலைக் கடந்து போய்விட வேண்டும்.

சைனாவைத் தனியாக அடிக்காதீர்கள். கூடவே கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) விழ வேண்டும். சைனாவுக்கு அடிவயிற்றுச் சத்தம் கிடையாது. அதைக் கிக் கொடுக்கும். கிக் இல்லாத சைனா எதையோ தட்டிவிட்டது போல ஒலிக்கும். ஸ்னேர் டிரம்மோடு சேர்த்து அடித்தால் வெட்டு இன்னும் கூர்மையாகும், ஆனால் அது அபூர்வமாக வர வேண்டிய வண்ணம்.

அடுத்தது அடக்குவது. வலது கையால் அடித்து இடது கையால் ஓரத்தைப் பிடித்து அடக்கிப் பழகுங்கள். கவிழ்த்து மாட்டிய சைனாவில் ஓரம் கீழ்நோக்கி இறங்கியிருப்பதால் கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் உள்ளே என்று பிடிப்பு சுலபமாக அமையும். ஓரம் கூர்மையானது, மெதுவான வேகத்தில் பழகுங்கள்.

எங்கே அடிப்பது என்ற கேள்விக்கு நம்ம ஊர்க் காதுக்கு ஏற்கனவே பதில் தெரியும். தவில்காரர் தீர்மானம் (ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிப்பது) வைப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'ததிகிணதொம்' என்ற 5 எழுத்துச் சொற்கட்டை மூன்று முறை, இடையில் ஒவ்வோர் அட்சரம் இடைவெளி விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 5, 1, 5, 1, 5, ஆக மொத்தம் 17. நான்கு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு 4 அட்சரம் என்றால் ஒரு சுற்று 16. சமத்தில் (சுற்றின் முதல் இடத்தில்) தொடங்கினால் கடைசித் 'தொம்' 17-ஆவது இடத்தில், அதாவது அடுத்த சுற்றின் சமத்தில் விழும். முதல் இரண்டு 'தொம்' 5-ஆவது, 11-ஆவது இடங்களில் வரும். அந்த இரண்டுக்கும் கிக் மட்டும். மூன்றாவதற்குக் கிக்கும் சைனாவும். மூன்றிலும் சைனா போட்டால் மூன்றாவதற்கு மதிப்புப் போய்விடும்.

இதை மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 70 என்று வைத்து டாம்களிலும் ஸ்னேரிலும் பிரித்து வாசியுங்கள். சைனா விழுந்த அதே அடியில் பாட்டின் தாளத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஹைஹாட் அடுத்த அட்சரத்திலேயே தொடங்கட்டும். சைனா சீக்கிரம் அடங்குவதால்தான் இது முடிகிறது. அதே இடத்தில் பெரிய க்ராஷ் போட்டிருந்தால் அதன் இழுப்பு ஹைஹாட்டை மூடியிருக்கும்.

இன்னொரு நல்ல இடம், பாட்டு எல்லோரும் எதிர்பார்க்கும் முதல் எண்ணிக்கையில் விழாமல் நான்காம் எண்ணிக்கையின் பின்பாதியில் நிறுத்துவது. சைனா, உடனே கையால் அடக்கம், ஒரு கண நிசப்தம், அப்புறம் பல்லவி. டப்பாங்குத்துப் பாட்டில் பல்லவி திரும்பும் இடங்களில் கூட்டம் துள்ளும். மென்மையான பாட்டுக்கும் ஆராதனையின் அமைதியான கீர்த்தனைக்கும் சைனா வேண்டாம். அங்கே கையைக் கட்டி உட்காரத் தெரிந்தவரே டிரம்மர்.

ரைடு போல ஓட்ட ஆசைப்பட்டால் நுனியால், மடிப்புக்கு உள்பக்கம், மெதுவாக. கனமான ராக் பகுதிகளில் வேகத்தைப் பாதியாக்கி ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் சைனாவை அடிப்பதுண்டு. நான்கு சுற்றுக்கு மேல் போனால் கேட்பவர் காது களைத்துவிடும். உங்கள் காதும்தான். சைனா தலைக்கு மிக அருகில் வெடிக்கிறது, ஒத்திகையில் காது அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

மைக்

சைனாவுக்குத் தனி மைக் வேண்டாம். கிக், ஸ்னேர் மைக்குகளுக்குள்ளேயே அது தானாகப் புகுந்துவிடும். ஓவர்ஹெட் மைக் (செட்டுக்கு மேலே வைக்கும் மைக்) இருந்தால் அது சைனாவின் தலைக்கு நேராக இல்லாமல் ஸ்னேர் பக்கம் தள்ளி இருக்கட்டும். ஒலிச் சோதனையின்போது மைக் செட்காரரிடம், "அண்ணாச்சி, இது ஒண்ணுதான் ரொம்பக் கத்தும், ஒரு தடவை ஓங்கி அடிக்கேன், அதுக்குத் தக்கன வச்சுக்கிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டிவிடுங்கள். சோதனையில் மெதுவாக அடித்துவிட்டு நிகழ்ச்சியில் வெளுத்து வாங்குவது அவருக்குச் செய்யும் துரோகம்.

பராமரிப்பு

மடிப்பு இருப்பதால் சைனா மற்றச் சிம்பல்களோடு படிந்து உட்காராது. பையில் எல்லாவற்றுக்கும் வெளியே, இடையில் ஒரு கனத்த துணி வைத்துப் போடுங்கள். பஸ்ஸில் பையை ஓரம் தரையில் படும்படி நிறுத்தி வைக்க வேண்டாம்.

உவரி, கூடங்குளம் கடற்கரைப் பக்கம் வாசித்துவிட்டு வந்தால் அன்றே ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி வையுங்கள். உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்கிற புளியைச் சிம்பலில் போட வேண்டாம். மேல் பூச்சும் பிராண்டு எழுத்தும் போய்விடும். வருஷக்கணக்கில் படிந்து சத்தத்தை இருளாக்கிய மேல்படிவும் போய்விடும். பழைய சைனாவின் அந்த இருண்ட நிறத்தைக் கறை என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். அழுக்கு அதிகமானால் மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.

ஓரத்தில் சின்ன விரிசல் தெரிந்தால் உடனே அடிப்பதை நிறுத்துங்கள். லேத் பட்டறையில் கொடுத்து விரிசல் முடியும் புள்ளியில் ஒரு சிறு ஓட்டை போட்டால் அது மேலும் ஓடாமல் தடுக்கலாம். மடிப்பு வளைவோடு நீளமாக ஓடிய விரிசலுக்கு அது உதவாது. அப்போதும் தூக்கி எறிய வேண்டாம்: விரிசல் ஓரத்தை அரத்தால் ராவி மழுங்கடித்து, அதன் மேல் ஒரு சின்ன ஸ்பிளாஷையோ பழைய க்ராஷையோ கவிழ்த்து ஒரே ஸ்டாண்டில் ஒட்டினாற்போல் மாட்டுங்கள். டிரம்மர்கள் இதை 'ஸ்டாக்' என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று அடக்கி, கைதட்டல் மாதிரி 'ச்சக்' என்று வறண்ட வெட்டுச் சத்தம் கொடுக்கும். நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் குறுகும், தளர்த்தினால் கரகரக்கும். உயர்ந்த கூரை உள்ள ஆலயங்களில் முழுச் சைனாவை விட இதுவே நன்றாக எடுபடுகிறது.